நாடி எங்கே போச்சு?

"தம்பி, தப்பா நெனச்சுக்காதே... உனக்கு நாடி இல்லை!"

வெள்ளிமலை பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில், என் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் இப்படிச் சொன்னார். பெஞ்சில் இருந்த ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் டீயை ஆற்றுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னையே முறைத்தார். 'நாடி இல்லாத ஆள் பாக்கிக் காசை எப்போ தருவான்?' என்கிற கவலை அவருக்கு.

பெரியவர் சாதாரண ஆளில்லை. கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கி, தேன் எடுத்து, மூலிகை தெரிந்து வளர்ந்தவர். நாடி பிடித்தே ஜுரமா, பித்தமா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் மூன்று விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினால் எப்படி இருக்கும்?

"இடது கையைக் கொடு" என்றார். கொடுத்தேன். "ம்... இதுல இருக்கு. நீ பாதி உசுரோடதான் இருக்க!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, வலது மணிக்கட்டை நானே தொட்டுப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. பெரியவர் சொன்னது உண்மை. துடிப்பு இல்லை. எங்கோ ஆழத்தில் ஏதோ நூல் அசைவது மாதிரி இருந்தது. அதுகூட என் கற்பனையோ என்னவோ!

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த மணிக்கட்டு வழியாகத்தான் என் இதயத்துக்கு ஒயர் விட்டிருந்தார்கள்.

மேட்டில் மூச்சு, நெஞ்சில் கல்

எனக்கு 38 வயது. வெள்ளிமலையில் ஓர் அலுவலகத்தில் ஃபைல் தள்ளும் உத்தியோகம். மனைவி, பையன் கள்ளக்குறிச்சியில். நான் திங்கள் காலை பஸ்ஸேறி மலைக்கு வந்தால் வெள்ளி மாலைதான் இறங்குவேன். நடுவில் சமையல், தனிமை, டீ... அப்புறம் டீயோடு ஒரு 'தம்'. இந்தக் கடைசி அயிட்டம் மட்டும் மனைவிக்குத் தெரியாது. (தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

ஒருநாள் ஆபீஸ் மேட்டில் ஏறும்போது நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருந்தது. நின்றால் போய்விட்டது. நடந்தால் வந்தது. 'கேஸ் டிரபிள்' என்று ஒரு வாரம் சோடா குடித்தேன். சோடாக்காரருக்குத்தான் லாபம்.

கடைசியில் ஒரு பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈ.ஸி.ஜி., டிரெட்மில், எக்கோ எல்லாம் முடிந்து, "ஆஞ்சியோகிராம் பார்த்துடலாம்" என்றார் டாக்டர். ஃபாரத்தில் ஒரு கேள்வி: 'புகைப் பழக்கம் உண்டா?'

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "சேச்சே! அவர் அதையெல்லாம் தொடவே மாட்டார் டாக்டர்" என்றாள். எத்தனை பெருமை அந்தக் குரலில்! அதை எப்படிக் கெடுப்பது? 'இல்லை' என்று டிக் அடித்தார்கள். இந்தக் கட்டுரையின் வில்லன் அந்த டிக்தான். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டில் மரத்துப்போக ஓர் ஊசி. பிறகு ஒரு மெல்லிய ஒயர், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை, அதன் வழியாக ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய். அதற்குப் பெயர்தான் கதீட்டர். கை வழியாக ஏறி, தோளைச் சுற்றி, இதயத்து வாசலுக்குப் போகிறது. நான் விழித்துக்கொண்டே டி.வி. மாதிரி திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். சாய மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் வெந்நீர் ஊற்றின சூடு. இடதுபக்கத்து முக்கியக் குழாயில் ஓரிடத்தில் நல்ல அடைப்பு. அங்கேயே பலூன் வைத்து விரித்து, ஒரு ஸ்டென்ட்டையும் பொருத்தி, மறுநாள் மாலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மேட்டில் ஏறினேன். அம்மிக்கல் இல்லை! அந்தச் சந்தோஷத்தில் டீக்கடைக்குப் போய்... ஆமாம், ஒன்று பற்ற வைத்தேன். 'ஒரு நாளைக்கு ரெண்டுதானே?'

ஒரு பைத்தியக்கார டாக்டரின் துணிச்சல்

இதயத்துக்குள் ஒயர் விடலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியிருக்கும்? 1929-ல் ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற சின்ன ஊரில் ஓர் இளம் டாக்டருக்குத் தோன்றியது. பெயர் வெர்னர் ஃபோர்ஸ்மன். வயது இருபத்தைந்தை ஒட்டி. மேலதிகாரி 'கூடாது' என்றார். (எல்லா ஆபீஸிலும் இதே கதைதான்!)

ஃபோர்ஸ்மன் கேட்கவில்லை. நர்ஸ் ஒருத்தியைச் சம்மதிக்க வைத்தார். "என் உடம்பில் செய்யுங்கள்" என்றாள் அவள். சரி என்று அவளை மேஜையில் படுக்க வைத்துக் கட்டிவிட்டு, நைஸாகத் தன் இடது கை நரம்பைத் திறந்து, சிறுநீர்ப் பாதைக்கு உபயோகிக்கும் குழாயைச் செருகி, 65 சென்டிமீட்டர் உள்ளே தள்ளிவிட்டார். பிறகு குழாய் தொங்கத் தொங்க எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போய்ப் படம் எடுத்தார். குழாயின் நுனி இதயத்துக்குள் இருந்தது.

அன்றைய வைத்திய உலகம் அவரைப் பாராட்டவில்லை. மனிதர் வெறுத்துப் போய் சிறுநீரக வைத்தியத்துக்கு மாறிவிட்டார். 1956-ல் அமெரிக்காவின் கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அடுத்தது ஒரு விபத்து. 1958-ல் கிளீவ்லாண்டில் டாக்டர் மேஸன் சோன்ஸ் சாய மருந்தை வேறிடத்தில் செலுத்தப் போக, அது தவறிப்போய் இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்க்குள் போய்விட்டது. எல்லோரும் பதறினார்கள். ஆனால் நோயாளி பிழைத்துக்கொண்டார். ஆஞ்சியோகிராமும் பிறந்துவிட்டது!

பலூன் வந்தது 1977 செப்டம்பர் 16-ல். ஜூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் என்ற டாக்டர், தன் வீட்டுச் சமையலறை மேஜையில் வைத்து வைத்துச் செய்து பழகிய பலூனைக் கொண்டு அடைப்பை விரித்தார். முதல் நோயாளிக்கு வயது என்ன தெரியுமா? 38. என் வயது! அவரிடம் பயிற்சி பெற்ற டாக்டர் மாத்யூ சாமுவேல் களரிக்கல்தான் பின்னாளில் சென்னையில் இருந்துகொண்டு இந்த வைத்தியத்தை இந்தியாவில் பரப்பியவர்களில் முக்கியமானவர்.

முதலில் எல்லாம் தொடை வழியாகத்தான். ஒரு நாள் முழுக்க காலை நீட்டி மல்லாந்து கிடக்கணும். 1989-ல் கனடாவின் மான்ட்ரியாலில் டாக்டர் காம்போ மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் எடுத்துக் காட்டினார். 1992-ல் ஆம்ஸ்டர்டாமில் டாக்டர் கீமெனெய் அதே வழியில் ஸ்டென்ட்டே வைத்துவிட்டார். ரத்தக் கசிவு குறைவு. நோயாளி உடனே எழுந்து நடக்கலாம். இன்று பெரும்பாலான இடங்களில் மணிக்கட்டுதான் ராஜபாட்டை.

எல்லாம் சரி. என் நாடி எங்கே போச்சு?

"எத்தனை?"

அலறியடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். மனைவியும் வந்தாள். டாக்டர் சிரித்துக்கொண்டே என் வலது மணிக்கட்டில் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து, கையை மூடி மூடித் திறக்கச் சொன்னார். உள்ளங்கை வெளுத்தது. சுண்டுவிரல் பக்கத்து விரலை மட்டும் எடுத்தார். சில விநாடிகளில் உள்ளங்கை சிவந்தது.

"கைக்கு ரெண்டு குழாய் இருக்கு. கட்டை விரல் பக்கம் ஒண்ணு, சுண்டுவிரல் பக்கம் ஒண்ணு. ரெண்டும் உள்ளங்கையில கை கோத்துக்கும். ஒண்ணு டல்லானா இன்னொண்ணு பாத்துக்கும். பயப்படாதீங்க" என்றார். இந்தச் சோதனையை ஆலன் என்ற டாக்டர் எழுதி வைத்ததும் அதே 1929-ல்தானாம்.

பிறகு ஸ்கேன் கருவியை மணிக்கட்டில் வைத்தார். 'புஸ்... புஸ்...' என்று மெல்லிய சத்தம். "முழுசா அடைக்கலை. ரத்தம் போகுது. ஆனா குழாய் சுருங்கிக் கிடக்கு. உள்பூச்சு உரிஞ்சிருக்கு."

"உள்பூச்சா?"

"எண்டோதீலியம்னு பேர். ரத்தக்குழாய்க்குள்ள ஒரே ஒரு செல் கனத்துக்கு ஒரு விரிப்பு. மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குன்னு வெச்சுக்குங்க. மணிக்கட்டுக் குழாயோட அகலமே ஏறக்குறைய ரெண்டரை மில்லிமீட்டர். நாங்க விடற உறையும் ஏறக்குறைய அவ்வளவுதான். டைட்டான சட்டைக்குள்ள கையை விட்டா லைனிங் கசங்காதா? அப்படித்தான்."

அப்புறம் ஒரு நிமிடம் பேசாமல் என் உதட்டையும் விரல் நுனியையும் பார்த்தார். என் மனைவியிடம், "அம்மா, கீழே கவுண்டர்ல இந்தச் சீட்டைக் காட்டி ரசீது வாங்கிட்டு வந்துடுங்களேன்" என்றார். அவள் போனாள். கதவு சாத்தியது.

"எத்தனை?" என்றார் டாக்டர்.

"என்ன... எத்தனை?"

"ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?"

பொய் சொல்ல வாய் வந்தது. ஆனால் மணிக்கட்டு அவர் கையில் இருந்தது. "முன்னாடி எட்டு, பத்து. இப்போ ரெண்டு" என்றேன்.

"ரெண்டு பத்துல அஞ்சுல ஒரு பங்கு. ஆனா கெடுதல் அஞ்சுல ஒரு பங்கா குறையாது. உரிஞ்ச இடத்துல புது செல் வளர வேண்டிய நேரத்துல நீங்க புகை போட்டுக்கிட்டு இருக்கீங்க!"

துடைத்த கைக்கு ஒரு நோபல்

அன்று டாக்டர் சொன்னதில் எனக்குப் பிடித்த கதை இது. ரத்தக்குழாயின் உள்பூச்சை ரொம்ப காலம் யாரும் மதிக்கவில்லை. ஏதோ சுவருக்கு அடித்த வெள்ளை என்று நினைத்தார்கள்.

அமெரிக்காவில் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி, முயலின் ரத்தக்குழாய்த் துண்டுகளை வைத்துப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். ஒரு மருந்து போட்டால் துண்டு சில சமயம் தளர்கிறது, சில சமயம் சுருங்குகிறது. ஏன் இந்தக் குழப்பம்? நோண்டிப் பார்த்தால், தயார் செய்யும்போது கை பட்டு உட்பக்கம் தேய்ந்துபோன துண்டுகள் தளர மறுக்கின்றன. உள்பூச்சு இருந்தால்தான் தளர்ச்சி! 1980-ல் இதை எழுதினார்.

உள்பூச்சு சும்மா கிடக்கவில்லை. ரத்தம் வேகமாக ஓடுவதை அது உணர்கிறது. உணர்ந்ததும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைத் துளித் துளியாக விடுகிறது. குழாய்ச் சுவரின் தசை தளர்கிறது, வழி விரிகிறது. அதே வாயு, ரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமலும் பார்த்துக்கொள்கிறது. ஆக, டிராஃபிக் போலீஸும் அதுவே, வாட்ச்மேனும் அதுவே.

இதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-ல் நோபல். வேடிக்கை என்னவென்றால், நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரைகள் உடம்பில் இதே வாயுவைத்தான் உண்டாக்குகின்றன. அதில் ஒன்று நைட்ரோகிளிசரின். டைனமைட்டின் சரக்கு! டைனமைட் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதய நோய்க்கு டாக்டர்கள் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

உள்பூச்சு வேலை செய்கிறதா என்று வெளியில் இருந்தே பார்க்கவும் வழி உண்டு. 1992-ல் செலர்மேயர் என்ற டாக்டரும் கூட்டாளிகளும் லண்டனில் செய்துகாட்டியது. பி.பி. பட்டையைக் கையில் கட்டி 5 நிமிடம் இறுக்கி வைத்து, 'டக்'கென்று விடுவிக்க வேண்டும். அடைபட்ட ரத்தம் பாயும். ஆரோக்கியமான குழாய் 5 முதல் 10 சதவிகிதம் வரை விரியும். உள்பூச்சு கெட்டிருந்தால் ஏதோ சர்க்கார் ஃபைல் மாதிரி அசையாது.

இதே சோதனையை மணிக்கட்டு வழியாக ஒயர் விட்ட நோயாளிகளிடம் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒயர் போன குழாய் சட்டென்று மந்தமாகிறது. உறை கிடந்த மணிக்கட்டு மட்டுமில்லை, கதீட்டர் உரசிக்கொண்டு போன மேல்கைக் குழாயும்கூட. ஜெர்மனியில் டுஸல்டார்ஃப் நகர டாக்டர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு விஷயங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஒன்று, கதீட்டரை மாற்றி மாற்றிப் போடப் போட மந்தம் அதிகம். இரண்டாவது... புகை பிடிப்பவர்களின் குழாய், பிடிக்காதவர்களின் குழாயைப் போலச் சீக்கிரம் தேறுவதில்லை.

அந்த 'இல்லை' டிக் ஞாபகம் வருகிறதா?

ஆயாவின் தரை

டாக்டர் இவ்வளவு சொல்லியும் எனக்கு மண்டையில் முழுசாக ஏறவில்லை. ஏற்றியது எங்கள் வீட்டுக்கார ஆயா.

வெள்ளிமலையில் நான் இருக்கும் ரூம் சிமெண்ட் தரை. ஆனால் ஆயா இருக்கும் பழைய பகுதியில் இன்றைக்கும் சாணி மெழுகிய தரைதான். திண்ணையும் அப்படியே. அன்று ராத்திரி புழுக்கம். 'வலது கையால் வெயிட் தூக்காதே' என்று சொல்லியிருந்தார்களே, அதனால் இரும்புக் கட்டிலைத் தூக்காமல் இடது கையால் தரதரவென்று திண்ணை வழியாக வாசலுக்கு இழுத்தேன். திண்ணை அன்று சாயங்காலம்தான் மெழுகியது.

"அடேய்! படிச்ச புள்ளையா நீ? மெழுகுன தரையில கட்டிலை இழுக்கிற!"

பார்த்தால், நான்கு கால்களுக்கும் நான்கு கோடு. பூச்சு பெயர்ந்து மண் தெரிந்தது.

"மன்னிச்சுக்குங்க ஆயா. நாளைக்கு மெழுகிடலாம்ல?"

"மெழுகலாம். ஆனா காயற வரைக்கும் மிதிக்கக் கூடாது. மிதிச்சா, அள்ளிக்கிட்டுப் போயிடும். எறும்பு வரும், புழுதி ஒட்டும். மேல கோணியாவது போட்டு மூடி வெக்கணும்."

அப்படியே நின்றுவிட்டேன். டாக்டர் அரை மணி நேரம் சொன்னதை ஆயா அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டாளே!

ரத்தக்குழாய்தான் அந்தத் திண்ணை. உள்பூச்சு மெழுகல். கதீட்டர் என் கட்டில். பலூன் ஊதி, ஸ்டென்ட் வைத்த இடத்தில் கோடு மட்டும் விழவில்லை, அந்த இடத்துப் பூச்சே மொத்தமாகப் பெயர்ந்திருக்கிறது. பெயர்ந்த இடத்தில் ரத்தத் தட்டணு என்ற புழுதி வந்து ஒட்டும். ஒட்டினால் கட்டி, கட்டி விழுந்தால் அடைப்பு. புதுப் பூச்சு வளர்ந்து மூடும் வரை மேலே போட்டு வைக்கும் கோணிதான் அந்த இரண்டு மாத்திரை: ஆஸ்பிரினும், அதனோடு சேர்ந்த குளோப்பிடோகிரெல் வகையும்.

டிரைவர் அண்ணன்

இந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆபீஸில் ஒரு டிரைவர் அண்ணன் இருந்தார். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வண்டி ஓட்டுவார். அவருக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார். மூன்றாம் மாதம் பல்லில் ரத்தம் கசிகிறது என்று நிறுத்தினார். யாரையும் கேட்கவில்லை. "உடம்புதான் நல்லா இருக்கே தம்பி. அடைப்பை எடுத்தாச்சு. இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று என்னிடமே சொன்னார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தலையை ஆட்டினேன்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை நெஞ்சுவலி. மலையில் இருந்து இறங்கும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஸ்டென்ட் வைத்த அதே இடத்தில் ரத்தம் கட்டியிருக்கும் என்றார்கள்.

அன்றைக்கு நான் ஆட்டிய தலை இன்றைக்கும் கனக்கிறது.

மருந்து தடவிய ஸ்டென்ட்டுகள் 2002, 2003 வாக்கில் உலகச் சந்தைக்கு வந்தன. குழாய் மறுபடி சுருங்காமல் இருக்கத் தசை வளர்ச்சியை அந்த மருந்து தடுக்கிறது. ஆனால் அதே மருந்து உள்பூச்சு வளர்வதையும் மெதுவாக்குகிறது. தரை காய நாளாகும். 2006 வாக்கில் உலகமெங்கும் டாக்டர்கள் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டார்கள். பிறகு வந்த ஸ்டென்ட்டுகள் தேவலை. இருந்தாலும் மாரடைப்புக்குப் பின் வைத்தால் வழக்கமாக ஒரு வருஷம், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதமாவது இரண்டு மாத்திரையும் தேவை. அதற்குப் பிறகும் ஒன்று தொடரும். கூட்டுவது, குறைப்பது எல்லாம் டாக்டர் வேலை. பல் பிடுங்க வேண்டுமா? பல் டாக்டர் 'நிறுத்து' என்றாலும், இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான்.

காசில்லை என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. ஸ்டென்ட் விலைக்கே 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு போட்டது. சாதா ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து தடவியது 29,600 ரூபாய் என்று அன்றைக்கு நிர்ணயித்தார்கள். ஆனால் ஸ்டென்ட்டைக் காப்பாற்றும் மாத்திரை அதோடு ஒப்பிட்டால் ரொம்ப மலிவு. அரசு ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள், இலவசம்.

மலைக்கு மேலே 14 மாத்திரை

இந்த உள்பூச்சு சமாச்சாரம் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மாரடைப்பே ஓர் உள்பூச்சு விபத்துதான். குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பின் மேல் உள்ள பூச்சு ஒருநாள் வெடிக்கிறது. அங்கே ரத்தம் கட்டுகிறது. அவ்வளவுதான் கதை.

ஒயர் விடும் வசதியுள்ள ஆஸ்பத்திரி எங்கள் மலைக்குப் பக்கத்தில் இல்லை. வளைந்து வளைந்து இறங்கி, கச்சிராயபாளையம் வந்து, கள்ளக்குறிச்சி சேர்ந்து, அங்கிருந்தும் போக வேண்டும். அதுவரை கட்டி வளர்ந்துகொண்டே இருக்குமே? இதற்காகத்தான் தமிழக அரசு 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு உடனே 14 மாத்திரை: ஆஸ்பிரின் 2, குளோப்பிடோகிரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8. கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். மலைக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். நெஞ்சில் கல் ஏறினால் சோடா கடைக்குப் போகாதீர்கள். சுகாதார நிலையத்துக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

'எனக்கென்ன, சின்ன வயசு' என்கிறீர்களா? 52 நாடுகளில் எடுத்த 'இன்டர்ஹார்ட்' என்ற பெரிய ஆய்வு 2004-ல் வந்தது. முதல் மாரடைப்பு வரும் நடு வயது, நம் தெற்காசியாவில் 53. மற்ற நாட்டுக்காரர்களுக்கு ஏறக்குறைய 59. அவர்களைவிட ஆறு வருஷம் முந்திக்கொள்கிறோம். வேறு எதிலாவது முந்தியிருக்கக் கூடாதா!

பத்து வருஷத்துப் புதினா மிட்டாய்

அந்த வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சி வீட்டுக்குப் போனதும், சாப்பாடு முடிந்து, பையன் தூங்கினதும் மனைவியிடம் சொல்லிவிட்டேன். கட்டில் இழுத்த கதையில் தொடங்கி, டிரைவர் அண்ணன் வழியாக, 'இல்லை' டிக்குக்கு வந்து சேர்ந்தேன். குரல் கொஞ்சம் நடுங்கியது.

அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து. பத்து வருஷமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை புதினா மிட்டாய் வாசனையோட ஒரு மனுஷன் வீட்டுக்கு வந்தா, தெரியாதா?"

"அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட அப்படிச் சொன்னே?"

தட்டை வைத்துவிட்டுத் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "நாலு பேர் முன்னால சொன்னா, வெக்கத்துலயாவது விட்டுடுவீங்கன்னு நெனச்சேன்."

நான் விட்டது அன்று. லேசாகச் சொல்லிவிட்டேன், லேசாக இல்லை. முதல் வாரம் ஆபீஸில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பால்பாயிண்ட் பேனாவைக் கடித்தே இரண்டு பேனா காலி. ஆயா ஒரு கைப்பிடி நெல்லிக்காய் கொடுத்து, "கை சும்மா இருந்தாத்தானே அது கேக்கும். இதை மெல்லு" என்றாள். ரப்பர் பந்து ஒன்று வாங்கி வலது கையில் வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தேன். காலையில் அரை மணி நடை. நடந்தால் ரத்தம் வேகமாக ஓடும், வேகமாக ஓடினால் உள்பூச்சு விழித்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மலையில் நடைக்குப் பஞ்சமா? இரண்டு மாத்திரையும் சாமி படத்துக்குக் கீழே. தீபம் ஏற்றுவது தவறினாலும் தவறும், அது தவறாது.

ஆஞ்சியோகிராமுக்குப் போகும் நண்பர்களே, ஒயருக்குப் பயந்து ஓடாதீர்கள். அது இல்லாவிட்டால் நான் இல்லை. உரிந்த பூச்சு பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில், சில மாதத்தில் தேறிவிடுகிறது. மணிக்கட்டுப் பட்டையைத் தேவைக்கு மேல் இறுக்கினால் குழாய் அடைத்துக்கொள்ளலாம் என்பதால் டாக்டர்கள் அதைப் படிப்படியாகத் தளர்த்துவார்கள். நீங்களாக இறுக்கவோ அவிழ்க்கவோ வேண்டாம். விரல் மரத்தாலோ, சில்லிட்டாலோ, கை வீங்கினாலோ உடனே சொல்லுங்கள். முக்கியமாக, ஃபாரத்தில் பொய் டிக் போடாதீர்கள். டாக்டர் ஏமாந்தாலும் ரத்தக்குழாய் ஏமாறாது.

நாலு மாதம் கழித்து அதே டீக்கடை. அதே பெஞ்ச். பெரியவர் கடுக்காய் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நானே கையை நீட்டினேன்.

மூன்று விரலை வைத்தார். கண்ணை மூடினார். கடை அமைதியானது. எனக்கு எஸ்.எஸ்.எல்.ஸி. ரிசல்ட் பார்த்த நாள் மாதிரி இருந்தது.

"இருக்கு தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இடது கை அளவுக்கு இல்லை. ஆனா இருக்கு. நடக்குது."

டாக்டரும் ஸ்கேன் பார்த்துவிட்டு ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருந்தார். முழுசாகத் தேறுமா? நாளாகும் என்றார். குறைகிற அந்தக் கொஞ்சம், பத்து வருஷப் புகையின் கணக்கு. அது என் பேரில்தான் பற்று.

"மாஸ்டர், ஒரு டீ. சர்க்கரை கம்மி" என்றேன்.

மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"இந்தாங்க சார். இப்பத்தான் நாடி வந்துருச்சே... பழைய பாக்கியையும் சேத்துக் குடுத்துருங்க!"